எங்கட சனத்தின்ர காசில் உங்கட மூட்டை

மன்னாரில் ஏதாவது ஒரு கொமியூனிகேஷன் கடையின் பழைய கொம்பியூட்டரைத் திறந்து பாருங்கோ. காணிக் கடிதங்கள், மீனவர் சங்கக் கூட்ட அறிக்கைகள், 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு பிறகு மீள்குடியேற வந்த முஸ்லிம் குடும்பங்கள் கொடுத்த விண்ணப்பங்கள், 2007இல் முள்ளிக்குளத்தை விட்டு எழும்பின சனத்தின் மனுக்கள் எண்டு எல்லாம் அதுக்குள்ள கிடக்கும். அநேகமாக எல்லாமே பாமினியில்.

பாமினி எண்டால் தெரியும்தானே? திரையில் ‘தமிழ்’ எண்டு தெரியும். பைலுக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை. ஒரு பேரைத் தேடினாலும் கிடைக்காது. யூனிகோடுக்கு மாற்றினால்தான் அந்தக் கடிதம் திரும்ப உயிர் பெறும்.

மாற்றித் தர இணையத்தில் ஆக்கள் இருக்கினம். ஆனால் அடையாள அட்டை இலக்கமும் காணாமல் போன பிள்ளையின் பேரும் உள்ள ஒரு மனுவை, யாரோ ஒருவரின் சேர்வருக்கு எதுக்கு அனுப்ப வேணும்? மாற்றுகிற வேலை வாசிக்கிறவரின் பிரவுசருக்குள்ளேயே நடக்க வேணும். இதில் எங்களுக்குச் சமரசம் இல்லை.

அதனால்தான் நாங்களும் எல்லாரும் செய்கிறதைச் செய்தோம். சேர்வருக்காக நோட்.ஜேஎஸ்ஸில் எழுதப்பட்ட ஒரு மாற்றி மொடியூலை என்பிஎம்மில் இருந்து இறக்கி, பண்ட்லருக்குள் போட்டு, பிரவுசருக்கு ஒரே பைலாகக் கட்டி எடுத்தோம். வேலை செய்தது. சந்தோசத்தில் தேத்தண்ணியும் குடித்தோம். பேசாலையில் இருந்த தோழி ஒருத்தி தன் போனில் திறந்துபோட்டு, “இன்னும் சுத்திக்கொண்டே நிக்குது” எண்டு சொல்லும்வரைக்கும் சந்தோசம்தான்.

பிறகுதான் மூட்டையைப் பிரித்தோம். பாமினிக்கும் யூனிகோடுக்குமான எழுத்து அட்டவணை அதில் ஒரு மூலையில், சில கிலோபைட்டில் கிடந்தது. அதைப் போலப் பல மடங்கு பாரத்துக்கு வேறு சாமான். பைல் வாசிக்கிற மொடியூலுக்குப் பதிலி, ‘பஃபர்’, ‘ஸ்ட்ரீம்’, மறைகுறியாக்கத்துக்கான ‘கிரிப்டோ’. ஒரு கடிதத்தின் எழுத்தை மாற்ற மறைகுறியாக்கம் எதுக்கு? எங்கோ நாலாவது படியில் இருந்த ஒரு பொதி கேட்டதாம், பண்ட்லர் கொண்டுவந்து வைத்ததாம்.

இது எப்படி வந்தது எண்டும் சொல்ல வேணும். 2009இல் நோட் வந்தபோது, கொமன்ஜேஎஸ் முறையில் ‘ரெக்வயர்’ எண்டு ஒரு வரி எழுதினால் மொடியூல் உடனே கைக்கு வரும். சேர்வரில் பைல் அதே டிஸ்கில் இருக்கிறதால் அது நியாயம். பிரவுசருக்கு அந்த பைல் வலையைத் தாண்டி வர வேணும்; அந்த வரியில் நிண்டு காத்திருக்க ஏலாது. அதனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒரு பைலாகக் கட்டுகிற புத்தி பிறந்தது. பிரவுசரிஃபை அதைத்தான் செய்தது. பிறகு வெப்பேக் வந்தது. நல்ல வேலைதான், நாங்கள் மறுக்கேல்லை. ஆனால் நோட்டுக்கு மட்டும் சொந்தமான சாமானுக்கும் கேட்காமலே பதிலி வைத்துக் கொடுத்த அந்தத் தாராளம் இருக்கே, அங்கேதான் பழக்கம் கெட்டது. எழுதினவனுக்குப் பிழைச்செய்தி வரேல்லை. பில் வாசிக்கிறவளுக்குப் போனது.

2020 ஒக்டோபரில் வெப்பேக் 5 வந்து அந்தப் பதிலிகளைத் தானாக வைக்கிறதை நிறுத்தியது. ‘கிரிப்டோ’ கிடைக்கேல்லை எண்டு சிவப்பில் கத்தியது. உலகம் முழுக்கத் திட்டு. எங்கட அண்ணாமாரும் திட்டி, பழைய பதிலிகளைத் திரும்ப ஏற்றுகிற பிளகின்னைத் தேடிப் போட்டுவிட்டு, “பிரச்சினை தீர்ந்தது” எண்டு எங்களுக்கும் சொல்லித் தந்தினம். அந்தச் சிவப்பு எழுத்து பிழை இல்லை அண்ணா. “இது பிரவுசருக்கான கோட் இல்லை, உனக்கு இது உண்மையில் வேணுமா?” எண்ட கேள்வி அது. கேள்வியின் வாயை அடைத்துப்போட்டு அதுக்குத் தீர்வு எண்டு பேர் வைக்கிறீங்கள்.

“டேட்டா இப்ப மலிவுதானே” எண்டு கேட்பீங்கள். கொழும்பில் வைபையில் இருந்து கேட்கிறது லேசு. ரீலோட் காட் போட்டு நாள் கணக்குப் பார்க்கிற வீட்டில் கேட்டுப் பாருங்கோ. டேட்டாவை விட்டாலும், இறக்கின அவ்வளவு ஜாவாஸ்கிரிப்டையும் அந்தப் பழைய போன் வாசித்து ஓட்டவும் வேணும். “எழுதுகிறவரின் நேரமும் காசுதானே” எண்டால், ஓம், காசுதான். ஆனால் ஒருவரின் ஒரு பின்னேரத்தை மிச்சம் பிடிக்க நூறு பேரின் போனை இழுக்கவைக்கிறது என்ன கணக்கு?

எங்கட பின்னேரம் இப்படிப் போனது. அட்டவணையை மட்டும் வெளியே எடுத்தோம். நீளமான எழுத்துச் சேர்க்கைகளை முதலில் மாற்ற வேணும். இல்லாட்டில் ‘கொ’ உடைந்து ‘கெ’யும் தனிக் காலுமாகப் போகும். பார்வைக்கு ஒரே ‘கொ’தான், ஆனால் ‘கொண்டச்சி’ எண்டு தேடினால் அகப்படாது. அந்த உடைவைச் சேர்க்கிறதுக்காக மொடியூல் ஒரு பெரிய லைப்ரரியையே கூட்டிக்கொண்டு வந்திருந்தது. பிரவுசரிலேயே ‘நோர்மலைஸ்’ எண்டு ஒரு செயல்கூறு இருக்குது. ஒரு வரி போதும். பைல் வாசிக்கிற வேலையே தேவைப்படேல்லை, அட்டவணை கோட்டுக்குள்ளேயே இருக்குது.

பண்ட்லரே வேண்டாம், பிரவுசரின் சொந்த மொடியூல் முறையே போதும் எண்டு முதலில் வீறாப்பாக இரண்டு பைலாக எழுதினோம். அதிலும் மூக்குடைபட்டோம். பென்னில் போட்டு நெற் இல்லாத கடைக் கொம்பியூட்டரில் திறந்தால், டிஸ்கில் இருந்து நேரே திறக்கிற பக்கத்துக்கு மொடியூலை ஏற்ற குரோம் விடாது. திரும்பவும் பண்ட்லரிடமே போய் எல்லாத்தையும் ஒரே எச்டிஎம்எல் பைலாகக் கட்டினோம். இந்த முறை அதுக்குள் இருக்கிற ஒவ்வொரு வரியும் எங்களுக்குத் தெரியும்.

இப்ப அந்த பைல் பென்னில் கடை கடையாகப் போகுது. போன கிழமை ஒரு கடைக்காரர், 2000க்குப் பிறகு தான் தட்டின கடிதங்கள் ஒரு போல்டர் நிறைய இருக்குது, வந்து பாருங்கோ தம்பியவை எண்டு சொல்லியிருக்கிறார்.