பிளஸ் இருக்கிறது, மைனஸ் எங்கே?

கம்ப்யூட்டரின் யூ.எஸ்.பி. துவாரத்தில் 5 வோல்ட் மின்சாரம் தயாராக இருக்கிறது. அதைக் கொண்டு சின்னதாக ஓர் ஆம்பிளிஃபயர் செய்து பார்க்க வேண்டுமென்று உங்கள் வீட்டுப் பிள்ளை ஆசைப்பட்டால், அது நியாயமான ஆசைதான். ஆனால் ஒன்று: பாட்டின் மின் அலை பூஜ்யத்துக்கு மேலேயும் போகும், கீழேயும் போகும். ஆகையால் 'ஆப்-ஆம்ப்' என்னும் ஐ.சி.க்குப் பிளஸ், மைனஸ் இரண்டும் கொடுப்பது வழக்கம். யூ.எஸ்.பி.யிலோ பிளஸ் மட்டுமே உண்டு!

உடனே 7805, 7905 என்ற ஜோடியைத் தேடிக் கடைக்கு ஓடி விடாதீர்கள். மலிவானவைதான், பெயர் பெற்றவைதான். ஆனால் 5 வோல்ட் தருவதற்கு 7805 ஏறக்குறைய 7 வோல்ட் கேட்கும். 7905-க்கோ உள்ளே வருவதே மைனஸாக இருக்க வேண்டும். இருப்பதை ஒழுங்கு செய்யுமே தவிர, இல்லாததை அது உண்டாக்காது.

இல்லாததை உண்டாக்கும் ஐ.சி. ஒன்று இருக்கிறது. அதன் பெயர் 7660. எட்டுக் கால், துணைக்கு 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இரண்டு. அவ்வளவுதான் செலவு. ஒரு கெபாசிட்டரைக் குடம்போல் 5 வோல்ட்டில் நிரப்பி, அதைத் தலைகீழாகத் திருப்பி, மற்றதில் ஊற்றுகிறது. விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இந்த வேலை நடக்கிறது!

அப்படியானால் எல்லோரும் இதையே வாங்கி விடலாமா? பொறுங்கள். விலையைக் கேட்குமுன், "மைனஸ் பக்கம் எத்தனை மில்லி ஆம்பியர் வேண்டும்?" என்று கேளுங்கள். 7660-இலிருந்து 10 மில்லி ஆம்பியர் எடுத்தால், மைனஸ் 5 என்பது மைனஸ் நாலரை ஆகிவிடும். 20 எடுத்தால் 4-க்கு இறங்கும். ஆப்-ஆம்ப் ஒன்றிரண்டு சில மில்லி ஆம்பியரோடு திருப்தியடையும். அதற்கு இது தாராளம். ஒலிபெருக்கியை அலற வைக்க இது உதவாது.

நூறு மில்லி ஆம்பியர் வேண்டுமா? எல்.டி.1054 இருக்கிறது, அதே முறைதான், விலை மட்டும் கூடுதல். எம்.சி.34063 மலிவு, ஆனால் காயில், டயோடு, ரெசிஸ்டர்கள் எல்லாம் அதற்குச் சேர்க்க வேண்டும். ஐ.சி.யில் மிச்சம் பிடித்ததை அங்கே கொடுத்து விடுவீர்கள்!

இன்னொரு சங்கதி. இந்தத் துடிப்பு நம் காதுக்கு எட்டும் ஒலி. பாட்டுடன் 'கீ' என்ற சத்தமும் கூடவே வரலாம். 7660எஸ் என்ற ரகத்தில் முதல் காலைப் பிளஸ்ஸோடு இணைத்தால், துடிப்பு வெகுவாக ஏறி, அந்தச் சத்தம் காதுக்கு எட்டுவது அரிதாகிவிடும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. யூ.எஸ்.பி. 2.0 துவாரம் கொடுப்பது அதிகபட்சம் 500 மில்லி ஆம்பியர். மைனஸ் பக்கம் செலவாவதும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஆகவே முதல் சோதனையைப் பழைய செல்போன் சார்ஜரில் செய்யுங்கள். இணைப்புத் தவறினால் போவது சார்ஜரோடு போகட்டும், கம்ப்யூட்டர் பிழைக்கட்டும்!