போலீஸாரின் கைத்துப்பாக்கி

போலீஸாருக்குக் கைத்துப்பாக்கி வாங்கும் பேச்சு எழும்போதெல்லாம், தோட்டா பெரிதாயிருக்க வேண்டும், விலையோ சிறிதாயிருக்க வேண்டும் என்று இரண்டு கோரிக்கைகள் சேர்ந்தே எழுகின்றன. இவை ஒருங்கே நிறைவேறுமா என்று ஆராய்வது அவசியம்.

பெரிய தோட்டாவின் மோகம் புதிதன்று. பிலிப்பைன்ஸ் தீவுகளில் .38 ரிவால்வர் போதவில்லையென்று கண்ட அமெரிக்க ராணுவம், 1911ல் .45 பிஸ்டலை ஏற்றது. அதன் பெட்டியில் அடங்குபவை ஏழே தோட்டாக்கள். அதே அமெரிக்கா 1985ல், நேச நாடுகளுக்குப் பொதுவான 9 மில்லிமீட்டருக்கு மாறிற்று. பிரௌனிங் மாதிரியைத் தழுவி நம் இஷாப்பூர் தொழிற்சாலை செய்த 9 மில்லிமீட்டர் பிஸ்டல் 13 தோட்டாக்கள் கொள்வது. நம் 9 மில்லிமீட்டர் கார்பைனுக்கும் அதே தோட்டாவே பயன்படுவதால், ஒரே சரக்கு இரண்டுக்கும் போதும். உண்மையான சிக்கனம் இதுவே.

இக்கணக்கு தேசூரில் பட்டு நெய்யும் தொழிலாளிக்கும் தெரிந்ததே. மலிவென்று வாங்கிய பாவு தறியில் அறுந்தால், மிச்சமான காசு கூலியில் போய்விடும். பிஸ்டலும் அப்படியே. விலையை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, உதிரி உறுப்புகளுக்கும் பயிற்சித் தோட்டாவுக்கும் பணமில்லையென்றால், அது இடுப்பில் தொங்கும் வெறும் இரும்பே. பயிற்சியற்ற கையிலிருந்து பாயும் தோட்டா, பெரிதாயினும் சிறிதாயினும், குற்றவாளியை விட்டு வழிப்போக்கனைத் தாக்கும். அப்பழியை ஏற்பவர் யார்?

ஆதலால் டெண்டர் கோரும்போது, துப்பாக்கியின் விலையோடு பத்தாண்டுகளின் தோட்டாச் செலவையும் பழுதுபார்க்கும் செலவையும் கூட்டியே சர்க்கார் தீர்மானிக்க வேண்டும். நெசவாளியின் வரிப்பணத்திற்குச் செய்யும் மரியாதை அதுவே.