வெட்டுப்புள்ளியும் வணிகக் கல்வியும்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்ததும் வர்த்தகப் பிரிவு மாணவர் எம்மிடம் கொணரும் வினா ஆண்டுதோறும் ஒன்றே. "சேர், இந்த இசட் புள்ளிக்கு எந்தக் கம்பஸ் கிடைக்கும்?" என்பதே அது. தமிழாசிரியரிடம் இதனை வினவுவானேன் என்று அன்பர்கள் வியத்தல் கூடும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைந்நூலின் தமிழை விளங்கிக்கொள்ளுதற்கே அவர்கள் முதலில் வருகின்றனர். அஃது எளிய தமிழன்று. அவ்வாறு தொடங்கிய உரையாடல்களே இவ்விழா மலரில் எமது கருத்தை வெளியிடத் துணிவு தந்தன.

ஒரு கற்கைநெறியின் வெட்டுப்புள்ளி, அதனை எத்தனை பேர் விரும்பினர், எத்தனை இடம் இருந்தது என்பதையே கூறும். அங்கே என்ன கற்பிக்கப்படுகின்றது, எத்துணைச் செம்மையாகக் கற்பிக்கப்படுகின்றது என்பதைப் பற்றி அது வாய் திறவாது. இதனை மறந்தமையாலேயே நடுத்தரப் புள்ளி பெற்ற பிள்ளைகளும் அவர்தம் பெற்றோரும் கைக்கெட்டிய நல்ல இடத்தைத் தள்ளிவிட்டுப் பின்னர் வருந்துகின்றனர்.

புள்ளியின் தன்மையை முதலில் அறிதல் வேண்டும். கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் என்னும் பாடங்கள் ஒவ்வொன்றிலும் மாணவன் பெற்ற புள்ளி, அப்பாடத்திற்குத் தோற்றிய யாவரதும் இடையிலிருந்து எத்தனை நியம விலகல் தூரத்தில் நிற்கின்றது என்று கணித்து, மூன்றின் சராசரியை எடுக்கின்றனர். இடையிலே நிற்பவனுக்குப் பூச்சியம். கணித ஆசிரியரான நண்பரிடம் கேட்டுத் தெளிந்தோம்: புள்ளிகள் வழமையான முறையிற் பரந்திருக்கும் ஒரு பாடத்தில் 0.9 பெற்றவன், பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு முன்னே நிற்கின்றான். அவனைப் பார்த்தே ஊரார் "புள்ளி காணாது" என்கின்றனர்!

முகாமைத்துவ நெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமையாலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையாலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்றும் நிரப்பப்படுகின்றன. ஆதலின் வெட்டுப்புள்ளி மாவட்டத்திற்கு மாவட்டம் வேறுபடும். ஆண்டிற்கு ஆண்டும் வேறுபடும். சென்ற ஆண்டின் அட்டவணையை மடியில் வைத்துக்கொண்டு இவ்வாண்டின் விருப்பு வரிசையை எழுதுவோர் பலர். "கிடைக்காது" என்று தாமே தீர்ப்பளித்து, மெய்யாக விரும்பிய நெறியைக் கீழே எழுதுகின்றனர். இது வீண் அச்சம். தெரிவு நடப்பது புள்ளியின் ஒழுங்கிலும், அவரவர் எழுதிய விருப்பின் ஒழுங்கிலும் ஆகும். எட்டாத நெறியை முதலிடத்தில் எழுதியதற்காக எட்டும் நெறி கைநழுவிப் போவதில்லை. விரும்பிய வரிசையிலேயே எழுதுக. ஆனால் வரிசையை நீளமாக எழுதுக.

கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர ஆகியவற்றின் பீடங்களை எல்லோரும் நாடுவதற்குக் காரணம் உண்டு. கணக்காய்வு நிறுவனங்களும் வங்கிகளின் தலைமையகங்களும் அண்மையில் உள்ளன. படிக்கும் காலத்திலேயே பயிற்சிக்குச் செல்லலாம். இந்நலத்தை யாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் முகாமைத்துவ பீடங்கள் உள்ளன. திருகோணமலை வளாகத்திலும் வவுனியாவிலும் அத்துறை கற்பிக்கப்படுகின்றது. இவ்விரண்டையும் கைந்நூல் நெடுங்காலம் 'முகாமைத்துவக் கற்கைகள் டீ.வி.' என்று குறித்து வந்தது. அவ்வூர்ப் பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளே அவை. தொலைக்காட்சிப் படிப்பென்று கருதி விலக்கிய மாணவரும் இருந்திருப்பர் போலும். வவுனியா வளாகம் 2021ஆம் ஆண்டிலே தனிப் பல்கலைக்கழகமாயிற்று. மிகிந்தலை, பெலிகுல்லோயா, குளியாப்பிட்டி, மாத்தறை என்று இன்னும் உள்ளன. ஊரை விட்டுப் பிள்ளையை அனுப்ப அஞ்சுவோர், அங்கே சென்று சிங்களமும் பேசக் கற்றுத் திரும்பியவன் வங்கி நேர்முகத்தில் எவ்வாறு நிற்கின்றான் என்று கண்டு பேசுவாராக.

இடத்தை ஒப்பிடும்போது கேட்க வேண்டியவை வேறு. பயிற்சிக் காலம் பாடத்திட்டத்தின் பகுதியாக உள்ளதா? கணக்கியலிற் சிறப்புப் பட்டம் உண்டா? அப்பட்டத்திற்குத் தொழில்சார் பரீட்சைகளில் எவ்வெப் பாடங்களுக்கு விலக்களிக்கப்படுகின்றது? எல்லாவற்றினும் முதன்மையானது மொழி. பெரும்பாலான முகாமைத்துவ பீடங்களிற் போதனாமொழி ஆங்கிலம். பதின்மூன்று ஆண்டு தமிழிலே கற்று, ஐந்தொகையை உறக்கத்திலும் சமப்படுத்தவல்ல மாணவன், முதலரையாண்டில் விரிவுரை விளங்காது பின்வரிசையில் ஒடுங்கிவிடுகின்றான். உயர்ந்த புள்ளியோடு சென்றவனும் இவ்விடத்திலே தடுக்கி விழுகின்றான். நடுத்தரப் புள்ளியோடு சென்று ஆங்கிலத்தில் ஊன்றி நின்றவன் முதல் வகுப்பிலே தேறுகின்றான். தமிழைக் கற்பித்து வாழும் யாம் இதனைக் கூறுவதற்கு நாணவில்லை. பரீட்சை முடிந்த நாள் தொடங்கிப் பல்கலைக்கழக வாசலை மிதிக்கும் நாள் வரை மாதங்கள் பல வறிதே கழிகின்றன. அம்மாதங்களில் ஆங்கிலக் கணக்கியல் நூலொன்றை அகராதியோடு அமர்ந்து படிப்பவன், இசட் புள்ளியில் இழந்ததை அங்கேயே மீட்டுக்கொள்வான்.

இனி, எமக்கு மிகுந்த கவலை தருவதைக் கூறுவோம். திருகோணமலையிலோ வவுனியாவிலோ கிடைத்த இடத்தை ஏலாதென்று, மூன்றாம் முறையும் பரீட்சைக்கு இருக்கின்றவர் உளர். பெயர் பெற்ற பீடம் ஒன்றிற்காகவே இவ்வாறு செய்தல் தகாது என்பது எம் துணிபு. ஓராண்டு கழிகின்றது, புள்ளி உயரும் என்பதற்கு உறுதி இல்லை. வேறு சிலர், தாயின் தாலிக்கொடியை அடகு வைத்துத் தனியார் நிறுவனத்தில் வெளிநாட்டுப் பட்டம் என்று விளம்பரப்படுத்தியதை வாங்கச் செல்கின்றனர். தனியார் கல்வி யாவும் தீதென்போமல்லோம். பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தை எமது ஆணைக்குழு ஏற்கின்றதா என்பதை எழுத்திற் பெறாமல் ஒரு சதமேனும் கட்டற்க. இலவசமாய்க் கிடைத்த இடத்தை விடுத்து இப்பட்டத்திற்குக் கடன்படுவது வணிகம் படிக்கப் புகுபவன் செய்யும் முதற் கணக்கே பிழைத்தது போலாம்.

எவ்விடமும் கிடையாதவனுக்கும் வழி உண்டு. உயர் தொழினுட்பவியல் நிறுவகங்கள் யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் உயர் தேசிய டிப்ளோமா வகுப்புகளை நடத்துகின்றன. திறந்த பல்கலைக்கழகம் முகாமைத்துவப் பட்டம் வழங்குகின்றது. 1959ஆம் ஆண்டிலே நிறுவப்பட்ட பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் பரீட்சைகளுக்கோ வெட்டுப்புள்ளி என்பதே கிடையாது. அவ்வழி கடினமானது, ஆயினும் அங்கே மாவட்டம் கேட்பாரில்லை.

பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். உங்களுள் கணக்காளரும் வங்கி முகாமையாளரும் வர்த்தகரும் பலர் உளர். பரிசளிப்பு விழாவிற்குக் கிண்ணம் தருவதோடு அமையாது, பெறுபேறு வெளிவரும் கிழமையின் சனிக்கிழமையன்று கல்லூரி மண்டபத்திற்கு வந்து, விருப்பு வரிசை எழுதும் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் அரைநாள் அமருங்கள். நீங்கள் எவ்விடத்திற் படித்தீர்கள், அங்கே எது குறைவு, எது நிறைவு என்று ஒளியாமல் கூறுங்கள். உங்கள் அலுவலகத்தில் ஆண்டிற்கு ஒரு பயிற்சி இடமேனும் நம் மாணவனுக்கென வைத்திருங்கள். கைந்நூலும் மேசையும் தேநீரும் ஆசிரியர் பொறுப்பு.