அறிந்துகொள்வோம்: ஒரு சோறு பதம்

அன்னதானத்துக்குச் சோறு வடிக்கும் முன் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்ப்பது வழக்கம். கணினித் துறையில் இவ்வழக்கம் தவறியதால் ஒருநாள் பல நாடுகள் தடுமாறின.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, சுவிஸ் நேரம் காலை 6.09. அமெரிக்காவின் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம், வாடிக்கையாளரின் கணினிகளைக் காக்கும் தன் மென்பொருளுக்குப் புதிய கோப்பொன்றை அனுப்பியது. அக்கோப்புக்கு 21 தகவல்கள் தேவைப்பட்டன. கணினியிலிருந்த மென்பொருளோ 20 மட்டுமே கொடுத்தது. சரிபார்க்கும் நிரலும் இதைக் கவனிக்காமல் விட்டது. இல்லாததைத் தேடிய கணினிகள் நீலத் திரையுடன் நின்றன. 78 நிமிடங்களில் கோப்பு மீளப் பெறப்பட்டது. ஆயினும் மைக்ரோசொப்ட் கணக்கின்படி 85 இலட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன. சூரிச் விமான நிலையத்தில் விமானங்கள் தரையிறங்குவது தற்காலிகமாக நிறுத்தப்பட்டது.

விழுந்த கணினிகள் பல தாமாக எழவில்லை. ஒவ்வொன்றாக, கையாலேயே அக்கோப்பை அழிக்க வேண்டியதாயிற்று.

எல்லாருக்கும் ஒரே வேளையில் அனுப்பியதே பெருந்தவறு. முதலில் சிலருக்கு, பின்னர் பலருக்கு என்ற முறையை இவ்வகைக் கோப்புகளுக்கு அந்நிறுவனம் அதன் பிறகே கொண்டுவந்தது.

இதற்கு அஞ்சிப் புதுப்பித்தலையே நிறுத்துவது, பூட்டுப் பழுதென்று கதவைத் திறந்து வைப்பது போலாகும். பிறர் கணினிகளைப் பராமரிக்கும் இளைஞர்கள் முதலில் பிரதியெடுத்து வைக்க வேண்டும். ஒரு கணினியில் இட்டுப் பார்க்க வேண்டும். சற்றுப் பொறுத்தே மற்றவற்றுக்குச் செல்ல வேண்டும். குழைந்த சோற்றை மீண்டும் அரிசியாக்க முடியாது.