கடைசி விநாடி ஷாட் யாருக்குச் சொந்தம்?

2004 ஏப்ரல் 3. அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரம். கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியின் அரையிறுதி. டியூக் பல்கலைக்கழகமும் கனெக்டிகட் பல்கலைக்கழகமும் மோதுகின்றன. முடிவதற்குச் சில நிமிடங்களே இருக்கும்போது டியூக் 8 புள்ளி முன்னிலை. அதற்குப் பிறகு கனெக்டிகட் வரிசையாக 12 புள்ளி எடுக்கிறது. 79-75. கடிகாரத்தில் சில விநாடிகள்தான் மிச்சம். டியூக்கின் கதை முடிந்தது.

அப்போது டியூக்கின் கிறிஸ் டூஹான் வெகு தூரத்திலிருந்து, நிலையாகக் கால் ஊன்றக்கூட நேரமில்லாமல், பந்தை வீசுகிறார். பஸர் அடிக்கிறது. பந்து கூடைக்குள் விழுகிறது. மூன்று புள்ளி. 79-78. ஆனாலும் கனெக்டிகட்தான் ஜெயித்தது, டியூக்தான் தோற்றது. அந்த ஷாட்டால் ஒன்றுமே மாறவில்லை.

ஒன்றுமே மாறவில்லையா? லாஸ் வேகாஸில் போய்க் கேட்டால் வேறு பதில் வரும்! பல கோடி டாலர் அந்த ஒரு ஷாட்டில் கைமாறியதாக அப்போது பேசப்பட்டது. இன்றும் அமெரிக்கப் பந்தயக்காரர்கள் தங்கள் துரதிர்ஷ்டக் கதைகளைப் பேச உட்கார்ந்தால், டூஹானின் ஷாட் அதில் வராமல் இருக்காது.

தோற்ற அணியின் கடைசிப் பந்துக்கு எப்படி இவ்வளவு விலை? காரணம், "பாயின்ட் ஸ்ப்ரெட்" என்கிற கணக்கு. அமெரிக்காவில் கூடைப்பந்துக்குப் பந்தயம் கட்டுபவர்களில் பலர் "யார் ஜெயிப்பார்" என்று கட்டுவதில்லை. பலமான அணியும் பலவீனமான அணியும் மோதினால் எல்லோரும் பலமான அணி மேல்தானே பணம் கட்டுவார்கள்? அதனால் புக்கிகள் ஒரு வித்தியாசத்தை நிர்ணயிக்கிறார்கள். அன்று கனெக்டிகட்டுக்கு வைத்த வித்தியாசம் 2 புள்ளி. அதாவது கனெக்டிகட் ஜெயித்தால் மட்டும் போதாது, இரண்டு புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். சரியாக இரண்டு என்றால் போட்ட பணம் திரும்பி வரும். ஒரு புள்ளியில் ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி, டியூக் மேல் கட்டியவர்களுக்குத்தான் பணம்.

79-75 என்றபோது கனெக்டிகட் மேல் கட்டியவர்கள் பணத்தை எண்ணத் தயாராகிவிட்டார்கள். 79-78 ஆனதும் அத்தனையும் போயிற்று. பொதுவாக 100 டாலர் லாபம் வேண்டுமென்றால் 110 டாலர் கட்ட வேண்டும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பணம் விழுந்தால், யார் அழுதாலும் யார் சிரித்தாலும் நடுவில் நிற்கும் புக்கிக்கு அந்த 10 டாலர் நிச்சயம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கடைசி நொடியில் கனெக்டிகட் ஆட்டக்காரர்கள் டூஹானை நெருங்கித் தடுக்க வேண்டிய அவசியமே இல்லை. நான்கு புள்ளி முன்னிலையில் இருக்கும் அணி செய்யக்கூடாத ஒரே தவறு, மூன்று புள்ளி ஷாட் அடிப்பவர் மேல் ஃபவுல் செய்வது. ஷாட்டும் விழுந்து, கூடவே ஒரு ஃப்ரீ த்ரோவும் கிடைத்தால் நான்கு புள்ளி ஆகிவிடும், ஆட்டம் சமநிலைக்கு வந்துவிடும். ஆகவே கை வைக்காமல் விட்டுவிடுவதுதான் சரியான ஆட்டம். சரியாக ஆடியதாலேயே பந்தயக்காரனின் பணம் போனது!

இன்னொரு ஏப்ரல் 3-ஐ எடுத்துக்கொள்வோம். 2021, இண்டியானாபோலிஸ், அதே அரையிறுதிச் சுற்று. அதுவரை ஒரு ஆட்டத்திலும் தோற்காத கொன்சாகாவும் யு.சி.எல்.ஏ. அணியும் கூடுதல் நேரத்தில் 90-90. மூன்று விநாடி சொச்சம் இருக்கும்போது ஜேலன் சக்ஸ் பந்தை வாங்கி ஓடி, மைதானத்தின் நடுக்கோட்டை ஒட்டிய இடத்திலிருந்து அடிக்கிறார். பந்து பலகையில் பட்டு உள்ளே விழுகிறது. 93-90. இந்தப் போட்டியின் வரலாற்றிலேயே மிகச் சிறந்த ஷாட்களில் ஒன்று என்று எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் ஸ்ப்ரெட் கட்டியவர்களுக்கு? கொன்சாகா சுமார் 14 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும் என்பது கணக்கு. கூடுதல் நேரத்திலும் சமநிலை என்றபோதே அவர்கள் பந்தயம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. சக்ஸின் ஷாட் விழுந்தாலும் ஒன்றுதான், விழாவிட்டாலும் ஒன்றுதான்.

ஆக, ஆட்டத்தை முடிவு செய்த ஷாட்டுக்குப் பந்தயத்தில் மதிப்பில்லை. ஆட்டத்துக்குத் தேவைப்படாத ஷாட்டுக்குப் பல கோடி மதிப்பு. ஒரே மைதானத்தில் இரண்டு ஆட்டங்கள் நடக்கின்றன. ஆடுகிற மாணவர்களுக்கு அதில் ஒன்றுதான் தெரியும். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

முதல் ஆபத்து, விலை பேசுவது எளிதாகிவிடுகிறது. "தோற்றுக் கொடு" என்று கேட்டால் பெரும்பாலான ஆட்டக்காரர்கள் முகத்தில் அறைந்தாற்போல் மறுத்துவிடுவார்கள். "ஜெயித்துக்கொள், ஆனால் ஆறு புள்ளிக்கு மேல் வேண்டாம்" என்று கேட்டால்? யாருக்கும் நஷ்டமில்லாதது போலத் தோன்றும். இதற்குப் பெயரே உண்டு, "பாயின்ட் ஷேவிங்". 1950-ல் நியூயார்க்கின் சிட்டி காலேஜ் அணி ஒரே ஆண்டில் இரண்டு பெரிய தேசியப் போட்டிகளையும் வென்று சாதனை படைத்தது. அடுத்த ஆண்டே அதன் ஆட்டக்காரர்கள் கைதானார்கள். அந்த விசாரணையில் ஏழு கல்லூரிகளைச் சேர்ந்த 32 ஆட்டக்காரர்கள் சிக்கினார்கள்.

1994-ல் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் நடந்தது இன்னும் வேடிக்கை, இன்னும் வேதனை. அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் அதே கல்லூரியில் புக்கியாக இருந்த ஒரு மாணவரிடம் பந்தயம் கட்டி, சுமார் 10,000 டாலர் கடனில் மாட்டிக்கொண்டார். கடனை அடைக்க வித்தியாசத்தைக் குறைத்து ஆட ஒப்புக்கொண்டார். முதல் ஆட்டத்தில் அவர் தனியாக 39 புள்ளி எடுத்தார். அணியும் ஜெயித்தது. ஆனால் ஆறே புள்ளியில்! 39 புள்ளி எடுத்தவனை யார் சந்தேகப்படுவார்கள்? கிரிக்கெட் ரசிகர்களுக்கு 2010 லார்ட்ஸ் டெஸ்டின் நோ-பால்கள் நினைவுக்கு வரலாம். அதே தந்திரம்தான். ஆட்டத்தின் முடிவைத் தொடாமல் ஒரு சிறு துண்டை மட்டும் விற்பது.

இரண்டாவது ஆபத்து புதியது. 2004-ல் ஒரு தனி ஆட்டத்துக்குச் சட்டப்படி பந்தயம் கட்ட நெவாடா மாநிலத்துக்குப் போக வேண்டியிருந்தது. 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பழைய தடைச் சட்டத்தை ரத்து செய்தது. இன்று 35-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயம் சட்டப்படி செல்லும். பெரும்பாலும் செல்போனிலேயே கட்டிவிடலாம். அதுவும் யார் ஜெயிப்பார் என்று மட்டுமல்ல, எந்த ஆட்டக்காரர் எத்தனை புள்ளி எடுப்பார், எத்தனை ரீபவுண்ட் பிடிப்பார் என்றுகூட. பணம் போனவன் முன்பு டிவியைப் பார்த்துக் கத்தினான். இப்போது அதே போனில் அந்த மாணவனின் இன்ஸ்டாகிராமுக்கே போய்த் திட்டுகிறான்.

2024 மார்ச்சில் நார்த் கரோலினா அணி மிச்சிகன் ஸ்டேட்டை 85-69 என்று சுலபமாக வென்றது. அந்த வெற்றிக்குப் பிறகு அணியின் அர்மாண்டோ பேகாட்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட வசவுச் செய்திகள் வந்தன. அவர் செய்த குற்றம்? பந்தயக்காரர்கள் எதிர்பார்த்த எண்ணிக்கையில் ரீபவுண்ட் பிடிக்கவில்லை! ஜெயித்த அணியின் ஆட்டக்காரருக்கு இந்த நிலை என்றால், கடைசி விநாடியில் ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்ட ஒரு 19 வயதுப் பையனின் போனில் என்னென்ன வந்து விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

பந்தயத்தை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. தடை செய்தால் பந்தயம் நிற்காது, இருட்டுக்குள் போகும் என்கிறார்கள். உண்மைதான். 1951-ல் சிக்கியவர்கள் யாரும் சட்டப்பூர்வப் பந்தயத்தில் சிக்கவில்லை. அரிசோனா விஷயத்தில் முதலில் மோப்பம் பிடித்ததே, ஒரு பக்கம் மட்டும் பணம் குவிவதைக் கண்ட லாஸ் வேகாஸ்காரர்கள்தான். வெளிச்சத்தில் நடக்கும் பந்தயத்தைக் கண்காணிக்க முடியும்.

ஆனால் எல்லாவற்றையும் தடை செய்வதும் எல்லாவற்றையும் திறந்துவிடுவதும் மட்டும்தானா வழி? என்.சி.ஏ.ஏ. தலைவர் சார்லி பேக்கர், கல்லூரி ஆட்டக்காரர்களின் தனிப்பட்ட எண்கள் மேல் கட்டும் பந்தயங்களை எல்லா மாநிலங்களும் நிறுத்த வேண்டும் என்று 2024 மார்ச்சில் கேட்டுக்கொண்டார். ஒஹாயோ, மேரிலாண்ட் போன்ற மாநிலங்கள் நிறுத்தியும் விட்டன. இது நல்ல தொடக்கம். இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். கல்லூரி ஆட்டங்களில் புள்ளி வித்தியாசப் பந்தயமும் வேண்டாம். யார் ஜெயிப்பார் என்று மட்டும் கட்டட்டும்.

அப்படிச் செய்தால் பலமும் பலவீனமும் மோதும் ஆட்டங்களுக்குப் பந்தயம் குறைந்துவிடும், வியாபாரம் படுத்துவிடும் என்பார்கள். படுக்கட்டுமே! ஆட்டத்தையே தோற்றுக் கொடுக்கவும் ஆள் கிடைக்கலாம் என்பார்கள். கிடைக்கலாம். ஆனால் அதற்குக் கூட ஆடும் நண்பர்களை, கோச்சை, கல்லூரியை எல்லாம் ஏமாற்ற வேண்டும். "யாருக்கும் நஷ்டமில்லை" என்று அந்தப் பையன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. அதைவிட முக்கியம், வெற்றிக்கு மட்டும் பணம் கட்டினால் கட்டியவனும் ஆடுகிறவனும் ஒரே விஷயத்துக்கு ஆசைப்படுவார்கள். ஜெயித்த பையனைத் திட்டுவதற்குக் காரணமே இருக்காது.

டூஹான் அந்தப் பந்தை வீசியபோது கையில் பந்து இருந்தது, கடிகாரத்தில் நேரம் இருந்தது. ஒரு ஆட்டக்காரருக்கு அது போதும். தோல்வி உறுதியான பிறகும் கடைசி வரை ஆடுவதைத்தானே எல்லாக் கோச்சுகளும் சொல்லித் தருகிறார்கள்? இனி வரும் மாணவர்கள் அந்தக் கடைசி ஷாட்டை வீசும்போது, அதில் யார் பணம் போகும், யார் போனில் திட்டுவார் என்ற பயம் இல்லாமல் வீச வேண்டும். விழுந்தால் விழட்டும், விழாவிட்டால் போகட்டும்.