பூட்டு வேண்டாம், பை வாங்குவோம்!

தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று படிக்கிறவங்க தயவுசெய்து கையைத் துடைச்சுட்டுப் படிங்க. போன இதழில் பாதி மை கரைஞ்சே போச்சு.

விஷயத்துக்கு வருகிறேன். நம் இசை அறையில் எட்டு உகுலேலே இருக்கின்றன. (யூகலேலி, யுகுலேலே என்று ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்றோம். அது பிறந்த ஹவாய்த் தீவில் 'உ' போட்டுத்தான் சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுறேன்.) ஆறு, சொப்ரானோ என்கிற சின்ன வகை. இரண்டு, அதைவிடக் கொஞ்சம் பெரிய கன்சர்ட் வகை. இந்த வருஷம் இதில் இரண்டு ஊமையாகிவிட்டன. ஒன்றுக்குத் தலையில் தந்தி முறுக்குகிற ஆணி உடைஞ்சிடுச்சு. இன்னொன்றில் தந்தியின் கீழ் முனையைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து நிற்கிறது. இரண்டுமே வீட்டுக்கு எடுத்துப் போய்த் திரும்பி வரும் வழியில் நடந்தவை. உடனே ஒரு யோசனை கிளம்பியிருக்கிறது. இனி யாரும் வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாதாம், அலமாரியில் வைத்துப் பூட்டணுமாம். ஆண்டு விழா பலகாரக் கடையில் சேர்ந்த பணத்தில் புதுசா மூணு வாங்கிக்கலாமாம்.

எனக்கு இதில் சம்மதம் இல்லை. அந்தப் பணத்தில் ஒரு கருவிகூட வாங்க வேண்டாம், எட்டுக்கும் நல்ல பை வாங்குவோம் என்பதுதான் என் கட்சி.

பூட்டினால் யாருக்கு நஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. வாரத்துக்கு ஒரே ஒரு இசை வகுப்பு, அதுவும் நாற்பது நிமிஷம். எட்டு கருவியை நாற்பது பேர் மாற்றி மாற்றி வாங்கினால் ஒரு ஆளுக்கு எட்டு நிமிஷம்கூட முழுசாக் கிடைக்காது. விரல் நுனி தந்திக்குப் பழகவே தினம் வாசிக்கணும். சொந்தமாக வாங்க வசதி இருக்கிறவங்க வீட்டில் வாசிச்சுப் பழகிடுவாங்க. மத்தவங்க அடுத்த வருஷமும் முதல் பாடத்திலேயே நிற்போம். ஆண்டு விழா மேடையில் யார் ஏறுவாங்கன்னு இப்பவே சொல்லிடலாம்.

இன்னொரு விஷயம். இந்தக் கருவியே பயணத்தில் பிறந்தது. 1879-இல் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் போர்ச்சுகலின் மடீரா தீவிலிருந்து ஹொனலூலுவுக்கு வந்தது. அதில் வந்தவர்கள் கரும்புத் தோட்ட வேலைக்காக வந்தவர்கள். (இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் ஃபிஜித் தீவுக்குப் போனதும் அதே 1879-இல்தான்.) மடீராக்காரர்களோடு மசேட்டி என்ற சின்ன நாலு தந்திக் கருவியும் வந்தது. அந்தக் கப்பலில் இருந்த மானுவல் நூனெஸ், அகஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிடோ சாண்டோ என்ற மூன்று மரவேலைக்காரர்கள் பிற்பாடு ஹொனலூலுவில் கடை போட்டு, அந்த ஊர் கோவா மரத்தில் செய்த கருவிதான் உகுலேலே. ஹவாய் மன்னர் கலாகவாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய் அரண்மனை விருந்துகளிலேயே வாசிக்க வைத்தார். கடல் தாண்டி வந்ததை நாம இரும்பு அலமாரியில் போட்டுப் பூட்டப் போறோமா?

சரி, உடைஞ்சது ஏன்? பிள்ளைகள் முரட்டுத்தனம் என்கிறார்கள். நான் அந்தப் பையை எடுத்துப் பார்த்தேன். கருவியோடு இலவசமாக வந்த பை அது. வெறும் துணி, உள்ளே சும்மா பேருக்கு ஒரு காகித கனத்தில் ஸ்பாஞ்ச். தூசி படாமல் இருக்க அது போதும், ஒத்துக்கிறேன். ஆனா டவுன் பஸ்ஸில் காலை எட்டரை மணிக்கு ஏறுகிற ஒருத்தருக்கு அது உறையே இல்லை. நம்ம பள்ளிப் பையில் ஒரு நாள் எத்தனை இடி விழுதுன்னு நமக்கே தெரியும். அதே இடி அந்த மெல்லிய மரத்துக்கும் விழுது.

கடையில் மூன்று நாலு வகை உறை கிடைக்கிறது. மெல்லிசு துணிப் பை ஒன்று. உள்ளே தடிமனாகப் பஞ்சு வைத்துத் தைத்த பை ஒன்று. வெளியே துணியும் உள்ளே விறைப்பான ஃபோமும் வைத்த இலேசான பெட்டி ஒன்று. அப்புறம் பிளைவுட் அல்லது பிளாஸ்டிக்கில் செய்த கெட்டிப் பெட்டி, உள்ளே வெல்வெட் எல்லாம் போட்டு நகைப் பெட்டி மாதிரி இருக்கும். "விலை உயர்ந்த கருவிக்குக் கெட்டிப் பெட்டி, மலிவுக் கருவிக்குத் துணிப் பை" என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். எனக்கு இந்தக் கணக்கே தப்பாகப் படுகிறது. கருவி என்ன விலை என்பது இருக்கட்டும், அது தினம் எந்த வழியில் போகப் போகுது? கச்சேரிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை காரில் போகிற ஆயிரக்கணக்கான ரூபாய் உகுலேலேயைவிட, தினம் ஷேர் ஆட்டோவில் நசுங்குகிற நம்ம இசை அறை உகுலேலேக்குத்தான் நல்ல உறை வேணும்.

அப்போ கெட்டிப் பெட்டியே வாங்கிடலாமே என்று கேட்பீர்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் அதன் விலை நம்ம சொப்ரானோ விலையையே தொட்டுவிடும். கருவியைவிடப் பெட்டி பல மடங்கு கனம் வேற. ஒரு தோளில் புத்தகப் பை, ஒரு கையில் சாப்பாட்டுப் பை, இன்னொரு கையில் பெட்டி என்றால் பஸ்ஸில் கம்பியை எதால் பிடிக்கிறது? பல்லாலயா? அதனால் நமக்குச் சரியானது தடிமன் பஞ்சுப் பை. பத்து மில்லிமீட்டருக்குக் குறையாமல் பஞ்சு இருக்கணும், பதினைந்து என்றால் இன்னும் நிம்மதி. கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். பையின் சுவரைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள். இரண்டு விரலும் ஒன்றை ஒன்று தொடுகிற மாதிரி இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். அழுத்தினது உடனே மேலே எழும்பி வரணும்.

உகுலேலேயின் பலவீனம் தலையும் கழுத்தும்தான். தொப்பை எவ்வளவோ தாங்கும். பையை முதுகில் மாட்டினால் தலைப் பகுதி நம் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். நாம குனிஞ்சு பஸ் ஏறிடுவோம், அதுக்குக் குனியத் தெரியாதே! படிக்கட்டு மேல் கம்பியில் 'டங்'. அந்த ஆணி அப்படித்தான் உடைஞ்சது. ஆகவே பையின் உச்சியிலும் அடியிலும் இரட்டைப் பஞ்சு வேண்டும். கழுத்துக்குக் கீழே ஒரு சின்னத் தலையணை மாதிரி மேடு இருந்தால் தலைப் பகுதி எதிலும் படாமல் நிற்கும். சுருதி பார்க்கிற கிளிப்பைத் தலையிலேயே மாட்டி வைத்துப் பையை மூடுகிற பழக்கத்தையும் விடணும். கிளிப்பும் போகும், ஆணியும் வளையும்.

பைக்கு முன்னால் பெரிய பாக்கெட் இருந்தால் கடையில் எல்லாரும் சந்தோஷப்படுகிறார்கள். எனக்கு அந்தப் பாக்கெட்டைப் பார்த்தாலே பயம். அதுக்குள்ளே ஜியோமெட்ரி பாக்ஸ் போகும், அப்புறம் டிபன் பாக்ஸ் போகும். அது அப்படியே தந்தி மேலும் பிரிட்ஜ் மேலும் அழுந்தும். பாட்டுத் தாளும் ஒரு செட் தந்தியும் வைக்கிற அளவுக்குத் தட்டையான பாக்கெட் போதும்.

ஜிப் பற்றியும் சொல்லணும். அது உச்சியிலிருந்து கீழே இடுப்பு வரைக்கும் திறக்கணும். மேலே மட்டும் திறக்கிற பையில் கருவியைச் செருகிச் செருகியே கீறல் விழுந்துவிடும். ஜிப்புக்கு உள்பக்கம் ஒரு துணி மடிப்பு இருந்தால் உலோகப் பல் மரத்தில் உரசாது.

எவ்வளவு நல்ல பை ஆனாலும் சூட்டை அது தடுக்காது. நம்ம ஊரில் கூட்டமான பஸ்ஸில் பை, கூடை எல்லாம் டிரைவர் பக்கத்தில் இருக்கிற இன்ஜின் மூடி மேலதான் போய் உட்காரும். உகுலேலே மட்டும் அங்கே உட்காரக் கூடாது. மரத்தை ஒட்டியிருக்கிற பசை சூட்டில் இளகும், தந்தி ஏற்கனவே இழுத்துக்கொண்டுதான் இருக்கு, பிரிட்ஜ் பெயர்ந்துவிடும். வெயிலில் நிறுத்தின கார் இன்னும் மோசம். ஆனா நம்மில் எத்தனை பேர் காரில் வருகிறோம்!

மழைக்காலத்தில் வேறு பிரச்சினை. நனைந்த பைக்குள்ளே கருவியை இரவெல்லாம் மூடி வைத்தால் மரம் ஈரத்தை உறிஞ்சி ஊதும். தந்தி நைலான், அதுக்கு ஒண்ணும் ஆகாது. ஆணியில் இருக்கிற பல் சக்கரமும் திருகும் துருப்பிடிக்கும். வீட்டுக்குப் போனதும் கருவியை வெளியே எடுத்துவிட்டுப் பையைத் தனியாக உலர்த்தணும். புது ஷூ டப்பாவில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் பைக்குள் போட்டு வைக்கலாம். (தம்பி தங்கைகள் கையில் கிடைக்காமல் பார்த்துக்கோங்க.)

"உறையே வேணாம், பிளாஸ்டிக் உகுலேலே வாங்கினா உடையாது" என்று ஒரு நண்பன் வாதாடுகிறான். 1949-இலேயே அமெரிக்காவில் மாரியோ மக்காஃபெரி என்பவர் அப்படிப்பட்ட பிளாஸ்டிக் உகுலேலே செய்து ஏராளமாக விற்றிருக்கிறார். யோசனை கெட்டது இல்லை. ஆனால் அதற்கும் தலையில் ஆணி இருக்கே, அதற்கும் பஸ் கம்பி இருக்கே! தவிர, இருக்கிற எட்டு மரக் கருவியை என்ன செய்வதாம்?

பணம் போதுமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். நம்ம ஊரில் மிருதங்கத்துக்கு அளவெடுத்து உறை தைத்து வாங்குவதில்லையா? அதே மாதிரி, நம்ம புத்தகப் பைக்கு ஜிப் மாற்றித் தருகிற பை தைக்கிற கடையிலேயே எட்டையும் தைக்கச் சொல்லலாம். வெளியே கெட்டியான கான்வாஸ், நடுவில் ஃபோம் ஷீட், உள்ளே மெத்தென்ற துணி. ரெக்ஸின் வேண்டாம், உள்ளே வேர்த்துவிடும். இரண்டு தோளுக்கும் வார், கூடவே கையில் தூக்க ஒரு பிடி. பிடியின் தையல் பையைச் சுற்றி முழுசாக வரணும், இல்லேன்னா ஒரு மாசத்தில் பிடி தனியாக் கையோடு வரும்.

அளவு மட்டும் கவனமாகக் கொடுக்கணும். சொப்ரானோ சுமார் 21 அங்குலம், கன்சர்ட் 23 அங்குலம் என்று பொதுவாகச் சொன்னாலும் ஒவ்வொரு கம்பெனிக்கும் கொஞ்சம் மாறும். ஆறு சொப்ரானோவையும் கன்சர்ட் பையில் போட்டுக்கலாம், ஒரே அளவாகத் தைத்தால் மலிவு என்று யாராவது சொன்னால் ஒத்துக்காதீங்க. பெரிய பையில் சின்னக் கருவி புளியங்கொட்டை மாதிரி குலுங்கும். நீளம், தொப்பையின் அதிக அகலம், பிரிட்ஜ் உயரத்தோடு சேர்த்துக் கனம் என்று மூன்று அளவும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எடுக்கணும்.

அலமாரிப் பூட்டு பற்றி முடிவு செய்ய வெள்ளிக்கிழமை மதியம் இசை மிஸ் எல்லாரையும் வரச் சொல்லியிருக்காங்க. அதுக்குள்ளே எட்டு கருவியின் அளவையும் ஒரு தாளில் எழுதி மிஸ் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது என் ஆசை. அம்மாவின் தையல் டேப்பை நாளைக்குக் கொண்டு வருகிறேன். சாப்பாட்டு இடைவேளையில் அளவைப் பிடித்துக் காட்ட ஒருத்தர், எழுதிக்கொள்ள ஒருத்தர் வேணும். எழுதுறவங்க கையெழுத்து நல்லா இருந்தால் ரொம்ப நல்லது.

– பதினோராம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு