மேர் நாற்காலிக்கு வருகிறவரின் பழைய கணக்கு

உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம் நம் புதுச்சேரியில் ஒரே வாதம்தான் காதில் விழுகிறது. "பெரிய பதவியில் இருந்தவர், மேலிடத்தில் செல்வாக்கு உள்ளவர், அவர் வந்தால் ஊருக்கு நாலு காரியம் நடக்கும்" என்பார்கள். இந்த வாதத்தை ஒரு நகரம் சோதித்தே பார்த்துவிட்டது. நகரம் பாரீஸ். ஆள் ழாக் ஷிராக். ஜனாதிபதியாக அவரை எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல வருவது 1977ல் மேர் பதவிக்கு நின்ற ஷிராக்கைப் பற்றி.

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்லிவிடுகிறேன். 1880 மார்ச் 12ஆம் தேதியிட்ட ஆணையால் பிரெஞ்சு அரசு நம் பகுதிகளில் கொம்யூன்களையும் மேர்களையும் ஏற்படுத்தியது. அந்தச் சமயத்தில் பாரீஸ் நகரத்துக்கே மேர் கிடையாது! 1871ல் நடந்த கலகத்துக்குப் பிறகு தலைநகரத்து ஜனங்கள் மேல் அரசுக்கு நம்பிக்கை போய்விட்டது. மேலிருந்து நியமித்த பிரெஃபேதான் அங்கே எல்லாம். 1975 டிசம்பர் 31ல் வந்த சட்டம்தான் பாரீசுக்கு மறுபடியும் மேர் பதவியைக் கொடுத்தது. நூறு வருஷத்துக்கு மேல் காலியாக இருந்த அந்த நாற்காலிக்கு 1977 மார்ச்சில் தேர்தல் வந்தது.

ஷிராக்கின் தகுதிகளில் அப்போது எவரும் குறை சொல்ல முடியாது. 'எனா' என்ற உயர் நிர்வாகப் பள்ளியில் படித்தவர். அங்கிருந்து 'கூர் தெ கோந்த்'துக்குப் போனார். அரசாங்கப் பணம் ஒழுங்காகச் செலவானதா என்று தணிக்கை செய்கிற இடம் அது. 1967ல் கோரேஸ் என்ற கிராமப்புறப் பகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனார். தொகுதி ஜனங்களுக்குக் காரியம் செய்து கொடுப்பதில் கெட்டிக்காரர் என்று பெயர். விவசாய மந்திரி, உள்துறை மந்திரி, 1974ல் பிரதமர். ஜனாதிபதி ழிஸ்காரோடு ஒத்துப்போகாமல் 1976 ஆகஸ்டில் பதவியை விட்டார். அதே டிசம்பரில் ஆர்.பி.ஆர். என்ற சொந்தக் கட்சியைத் தொடங்கினார். அடுத்த மாதமே பாரீஸ் மேர் வேட்பாளர்!

அவரை எதிர்த்து ழிஸ்கார் நிறுத்தியவர் மிஷேல் தோர்னானோ. மந்திரியாக இருந்தவர், நார்மண்டிக் கடற்கரையில் தோவில் என்ற ஊருக்கு மேர். ஆக, பாரீசின் சாக்கடை, குப்பை, வாடகை வீடுகளைப் பற்றி நடக்க வேண்டிய தேர்தல், ஜனாதிபதிக்கும் அவருடைய பழைய பிரதமருக்கும் நடந்த சண்டையாக மாறிவிட்டது. ஷிராக் ஜெயித்தார்.

அவர் நகரத்துக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. தெருக்களின் சுத்தத்துக்குப் பெயர் வாங்கினார். நடைபாதையில் நாய் அசிங்கத்தை அள்ள மோட்டார் சைக்கிள்களையே இறக்கினார். வீடற்றவர்களைத் தேடி இரவில் உதவி வண்டிகளை அனுப்பும் 'சமு சோசியால்' 1993ல் அவர் காலத்தில் வந்தது. 1983லும் 1989லும் பாரீசின் 20 வட்டாரங்களையும் மொத்தமாக அவர் பக்கம் பிடித்தது. பதினெட்டு வருஷம் மேராக இருந்து, 1995ல் ஜனாதிபதியாகப் போனார்.

தணிக்கை பிறகு வந்தது. ஜனாதிபதியாக இருந்த 12 வருஷமும் சட்டம் அவரைத் தொட முடியாது. அதன் பிறகு வழக்கு நடந்து, 2011 டிசம்பர் 15ல் தீர்ப்பு. நகராட்சிச் சம்பளம் வாங்கிக்கொண்டு அவருடைய கட்சிக்கு வேலை செய்தவர்கள் உட்பட, பொய் வேலைகளுக்கு நகரத்துப் பணம் போனது நிரூபணமாயிற்று. இரண்டு வருஷம் நிறுத்தி வைக்கப்பட்ட சிறைத் தண்டனை. அதற்கு முன்பே, 2010ல், அவரும் அவருடைய கட்சியின் வாரிசான யு.எம்.பி.யும் சேர்ந்து சுமார் 22 லட்சம் யூரோவை நகரத்துக்குத் திருப்பிக் கட்ட ஒப்புக்கொண்டார்கள். கணக்குத் தணிக்கையில் வாழ்க்கையைத் தொடங்கியவர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

1977ல் வாக்காளனுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்கலாம். தெரியாதுதான். ஆனால் ஒன்று எல்லோர் கண்ணுக்கும் எதிரே இருந்தது. பிறந்து மூன்று மாதம் ஆன கட்சியோடு அவர் வந்தார். புதுக் கட்சிக்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். அவர் கேட்டதோ பல்லாயிரம் பேருக்குச் சம்பளம் போடுகிற ஒரு நகராட்சியை. அதோடு கோரேஸ் தொகுதியையும் விடவில்லை, ஜனாதிபதி ஆசையையும் மறைக்கவில்லை. 1981ல் முதல் முறையாக அதற்கு நின்றார். இவற்றைச் சேர்த்துப் பார்த்து நாலு கேள்வி கேட்டிருக்கலாம்.

சம்பளப் பில் எழுதியே காலம் கழித்த குமாஸ்தா நான். அனுபவத்தில் சொல்கிறேன். நகராட்சியில் முதலில் பார்க்க வேண்டியது மஸ்டர் ரோல். பேர் இருக்கும், கையெழுத்து இருக்கும், ஆள் இருக்க மாட்டார். சேன் நதியில் இறங்கிக் குளிப்பேன் என்று 1990ல் ஷிராக் சொன்னதையும் குளிக்காமலே போனதையும் பாரீஸ்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சம்பளப் பட்டியலை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? "நாலு நல்லது செய்தாரே" என்று விட்டுவிடுகிறோம். அந்த நாலு நல்லதும் நம் வரிப்பணத்தில் நடந்தது. அதைச் செய்யத்தான் அவரை உட்கார வைத்தோம். அதைக் காட்டி வேறொன்றைக் கழித்துக்கொள்ள முடியாது.

நம் கதைக்கு வருகிறேன். பாரீசுக்கு முன்பே மேர் பார்த்த நாம், 1968க்குப் பிறகு நகராட்சித் தேர்தல் பார்த்தது 2006ல்தான். 38 வருஷ இடைவெளி! அந்த மன்றங்களின் காலம் 2011ல் முடிந்தது. 2021ல் தேர்தல் அறிவிப்பு வந்து, இட ஒதுக்கீட்டு விவகாரத்தில் நீதிமன்றம் வரை போய் நின்றுவிட்டது. 2014ல் இடிந்து விழுந்த மேரி கட்டடத்தைக் கடற்கரையில் அழகாகத் திருப்பிக் கட்டிவிட்டார்கள். அதில் உட்கார ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஆள்தான் இல்லை.

மேர் என்றாலும் சேர்மன் என்றாலும், என்றைக்காவது ஓட்டுக் கேட்டு ஒருவர் வாசலுக்கு வரத்தான் போகிறார். என்னென்ன பதவி வகித்தார் என்பதை அவருடைய நோட்டீசே சொல்லிவிடும். நாம் கேட்க வேண்டியது வேறு. முன்பு இருந்த இடத்தில் யாரை வேலைக்கு வைத்தார்? அவர்களுக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்? இந்த நாற்காலியில் ஐந்து வருஷமும் உட்காருவாரா, அல்லது சட்டசபைக்கு ஏணியாக வைத்துக்கொள்வாரா? பதில் சொல்லாமல் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தால், அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.